வயிற்றைக் கேட்டவனுக்கு

மச்சான்,

இன்று உன் நாள். பங்குனி வெயில் விடியும்போதே முதுகில் ஏறிவிட்டது. உன் தங்கை பானையின் மூடியை எடுத்ததும் புளித்த பழையதின் வாசனை வீடு முழுக்கப் பரவியது. தைத்த பூவரச இலையில் இரண்டு கைப்பிடி சோற்றைப் பிழிந்து வைத்தாள். பக்கத்தில் ஒரு கலயத்தில் நீராகாரம், ஒரு சுட்ட கருவாடு. பதினோரு வருடமாக உனக்கு இதுதான் படையல். நீ கடைசியாகச் சாப்பிட்டது இதுதான் என்று அவள் நம்பியிருந்தாள். அப்படி நம்பவைத்தவன் நான்.

அந்த வாசனை மூக்கில் பட்டால் என் விரல்கள் தாமாகவே மடங்கிப் பார்க்கும். மடங்குகின்றனவா என்று நானும் குனிந்து பார்ப்பேன். இத்தனை வருடம் ஆகியும் இந்தப் பழக்கம் போகவில்லை. இடது கை மோதிர விரல் மட்டும் கோணிக்கொண்டு நிற்கிறது. மற்ற ஒன்பதும் சொன்னபடி கேட்கின்றன. அந்த ஒன்பதும் நீ கொடுத்தவை. அதை உன் தங்கையிடம் சொல்லாமலேயே அவள் ஆக்கிப்போடுவதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

‘எழுத்துக்காரப் படகோட்டி’ என்று நீ என்னைக் கேலி செய்வாய். பொதிகளின் மேல் இருக்கும் எழுத்தைப் படித்துச் சொல்லத் தெரிந்தவன் நம் கோட்டைக்குப்பத்தில் நான் ஒருவன்தான். அந்த எழுத்து இதுவரை உனக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. இன்றாவது உதவட்டும் என்று ஓலையை எடுத்திருக்கிறேன்.

நினைவிருக்கிறதா, எல்லாம் ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. முகத்துவாரத்துக்கு வெளியே நின்ற கப்பலிலிருந்து பொதி இறக்கப் போயிருந்தோம். எனக்குத் தாகம். கப்பல் பீப்பாயில் இருந்த தண்ணீரை நீ முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றாய். நான் இரண்டு குவளை குடித்தேன். மறுநாளே பேதி. பத்து நாள் ரத்தமும் சீதமுமாகப் போய் ஒருவழியாக நின்றது. தப்பித்தோம் என்று வலையைக் கையில் எடுத்தபோது கார்த்திகை பிறந்திருந்தது. அந்த வாரமே இரண்டு முழங்கால்களும் வீங்கின. அப்புறம் விரல்கள். காலையில் எழுந்தால் ஒரு நாழிகைக்குக் கை மூடாது.

பேதியையும் வீக்கத்தையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஏரிக்காரனுக்கு மூட்டு வீங்கினால் அது தண்ணீரில் நின்ற குளிர்ச்சி என்பதுதான் நம் குப்பத்தில் பேச்சு. மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து வந்த வைத்தியரும் அதையே சொன்னார். தடவ எண்ணெய் கொடுத்தார், பத்தியம் போட்டார். குளிர்ச்சியானது எதுவும் ஆகாது. பழையது, நீராகாரம், மோர், கீரை எல்லாம் விலக்கு. சுடுசோறும் வறுத்த கருவாடும் மிளகும் மட்டும். உன் தங்கை அதை ஒரு விரதம் போல நடத்தினாள். நானும் பழையதுப் பானைப் பக்கம் தலை திருப்பவில்லை. வயிறு கல்லாகக் கட்டிக்கொண்டது. நாலு நாளைக்கு ஒருமுறை இளகினால் அதிலும் ரத்தம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மூட்டுக்கு வைத்தியம் நடக்கும்போது வயிற்றுப் பேச்சு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

என் பயமெல்லாம் சித்திரையைப் பற்றி. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று கோயில் முன்னால் சீட்டுப் போட்டு முறை பிரிக்கிறோமே, அந்தப் பாடு. சீட்டில் பெயர் சேர வேண்டுமானால் அன்று காலையில், தண்ணீரில் ஊறிய வலையை ஒற்றை ஆளாகக் கரைக்கு இழுத்துப் போட வேண்டும். அண்ணன் தம்பிகூடக் கை கொடுக்கக் கூடாது. இழுக்க முடியாதவன் பெயர் விழுந்துவிடும், அவன் பிள்ளைகளுக்கும் பாடு கிடையாது. எனக்கு மூன்று பிள்ளைகள். அதனால்தான் வீக்கத்தை ஊரிடம் மறைத்தேன். வைத்தியரைக்கூட உறவுக்காரர் என்று சொல்லித்தான் வீட்டுக்குள் கூட்டி வந்தோம். படகு வேலைக்குப் போகாமல் நின்றால் ஊர் மோப்பம் பிடித்துவிடும் என்று தினமும் உன்னோடு வந்தேன். நான் துடுப்பைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், நீ இரண்டு ஆளுக்கும் சேர்த்துத் துழாவுவாய்.

மார்கழியில் ஒருநாள் ஒல்லாந்தர் கோட்டைக்குள் பொதி ஏற்றப் போனோம். மேற்கேயிருந்து வந்த குதிரைப்படை திருப்பாலைவனம் சாலையில் கூடாரம் அடித்துவிட்டதென்று சேதி வந்தது. அகழிப் பாலத்தைத் தூக்கினார்கள், கதவைச் சாத்தினார்கள். வெளியே இருந்தவர்கள் வெளியே, உள்ளே இருந்தவர்கள் உள்ளே. படகுக்காரர்கள் ஒன்பது பேர் அகப்பட்டோம். நாலு நாளில் திறந்துவிடுவார்கள் என்று நீ சொன்னாய். மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று.

கிழக்குக் கொத்தளத்தில் ஏறினால் நம் குப்பம் தெரியும். என் வீட்டுப் புகை எதுவென்று எனக்குத் தெரியும். அது கிளம்புகிற நேரத்தை வைத்து அவள் இன்று சீக்கிரம் எழுந்தாள், இன்று தாமதம் என்று உன்னிடம் சொல்வேன். கூப்பிட்டால் கேட்காத தூரம், பார்க்காமல் இருக்கவும் முடியாத தூரம். என் முறைநாட்கள் ஒவ்வொன்றாகக் கண்ணெதிரே போயின. என் இடத்தில் வேறு ஒருவன் படகு நிற்கும். அதை எண்ணிக்கொண்டு நிற்பேன். பிறகு முழங்கால் நிற்கவும் விடாது. மதிலடியில் நமக்குக் கிடைத்த ஓலைச் சார்ப்பில் வந்து படுப்பேன். மூக்கில் ஈ உட்கார்ந்தால் ஓட்டக் கை வராது. கதவு திறந்தாலும் இந்த உடம்பிலிருந்து வெளியே போக முடியாது என்று அங்கேதான் எனக்குத் தோன்றியது. அழுதேன், மச்சான். நீ பார்க்காத மாதிரி மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உச்சிப்பொழுதில் ஆளுக்கு ஓர் அகப்பை சோறு. சாயங்காலம் பல் உடைக்கும் காய்ந்த ரொட்டி, பீப்பாய் உப்புக்கறி, ஒரு வாய் சாராயம். நான் அங்கேயும் பத்தியத்தை விடவில்லை. சோற்றை ஆவி பறக்க விழுங்கினேன், உப்புக்கறி சூடு என்பதால் நல்லது என்று தின்றேன். கோட்டை வைத்தியன் என் கையைக் கீறிக் கெட்ட ரத்தம் என்று ஒரு கிண்ணம் எடுத்தான். அவர்கள் ஊரில் அப்படித்தான் வழக்கமாம். எல்லோரும் மூட்டைத்தான் பார்த்தார்கள். நீ மட்டும் தினம் காலையில் என் தலைமாட்டில் குந்திக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டாய்.

“மச்சான், வயிறு இன்னா சொல்லுது?”

எனக்குக் கோபம் வரும். கை மூடாமல் கிடக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது என்று திட்டுவேன். நீ சிரித்துக்கொண்டே மடியிலிருந்து ஒரு வலைக்கயிற்றை எடுப்பாய். வயிறு கெட்ட நாளுக்கு ஒரு முடிச்சு. கை மூடாத நாளுக்குத் துளையிட்ட ஒரு சிப்பி. வேலையில்லாதவன் பொழுதுபோக்கு என்று நினைத்தேன். இருபது நாள் கழித்து அந்தக் கயிற்றை என் நெஞ்சின் மேல் நீட்டிப் போட்டாய். முடிச்சு விழுந்த இடத்துக்கு அடுத்தாற்போல, ஒருநாள் தள்ளியோ இரண்டு நாள் தள்ளியோ சிப்பி இருந்தது. கறிப் பீப்பாய் திறக்காமல் நமக்கு வெறும் கஞ்சி ஊற்றிய நாலு நாளில் முடிச்சும் இல்லை, அதன் பின்னால் சிப்பியும் இல்லை.

“படகுல பின்னாடி தையலு விட்டுப்போச்சுன்னா தண்ணி அங்கதான் உள்ள வருது, முன்னாடி வந்து தேங்குது. நீ தேங்கின எடத்துல எண்ணெ தடவினு இருக்கற. தையலு உன் வயித்துல விட்டிருக்கு. அந்தக் கப்பல் தண்ணிய குடிச்சியே, அன்னிலேர்ந்து” என்றாய்.

நாமெல்லாம் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகில் போகிறவர்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு எந்த வைத்தியமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏனென்றால் அடுத்து நீ சொன்னது, பழையது குடி என்று. வாதக்காரனுக்குக் குளிர்ச்சியைக் கொடுத்துக் கையை முழுசாகப் பூட்டிவிடப் பார்க்கிறாய், என் பாடு போனால் உன் தங்கை பிள்ளைகள்தானே தெருவில் நிற்கும் என்று கத்தினேன். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ குரலை உயர்த்தவில்லை.

“பத்தியம் இருந்து கை மூடுச்சா? மூடல. இத குடிச்சும் மூடலன்னா அப்ப வந்து என்ன திட்டு” என்றாய்.

மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நாலாம் நாள் காலையில் வலி தாங்காமல், செத்தால் சாகிறோம் என்ற எரிச்சலில் உன் சட்டியை வாங்கிக் குடித்தேன். முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்துப் புளித்தது, அகழி ஓரத்தில் நீ கிள்ளி வந்த உமிரிக்கீரையை வதக்கித் தொட்டுக்கொள்ள வைத்திருந்தாய். உப்புக்கறியை என் கையில் கொடுக்காமல் நீயே வாங்கிக்கொண்டாய். சாராயத்தைப் பக்கத்துச் சார்ப்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டாய், அது மட்டும் எனக்கு வருத்தம்.

கை உடனே மூடவில்லை. முதலில் வயிறு இளகியது. ஏழெட்டு நாளில் ரத்தம் நின்றது. சிப்பிகள் கொஞ்சம் கொஞ்சமாக விலகி விலகி விழுந்தன. தை முடிவதற்குள் ஒருநாள் காலையில் கிணற்றுக் கயிற்றைப் பிடித்தேன். விரல்கள் மூடின. ஒரு தோண்டித் தண்ணீரை மேலே கொண்டுவந்துவிட்டேன். பாதி வழியில் இடது கை நழுவியது, பல்லால் கயிற்றைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். நீ கிணற்றுமேட்டில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாய். சிரிக்கிறாய் என்று நினைத்தேன்.

மாசியில் சோறு அரை அகப்பை ஆயிற்று. என் சட்டியில் மட்டும் சோறு குறையவில்லை. எப்படி என்று கேட்டேன். சமையற்காரருக்கு விறகு பிளந்து கொடுக்கிறேன், அவர் தனியாகப் போடுகிறார் என்றாய். நான் நம்பினேன். நம்ப வேண்டும் என்று ஆசையாக இருந்தது, அதனால் நம்பினேன். நீ விறகு பிளந்து ஒருநாளும் நான் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் என் கையைத்தான். காலையில் மடக்குவேன், மத்தியானம் மடக்குவேன். சித்திரைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுவேன். உன் விலா எலும்பு தெரிந்தது. கோட்டையில் யாருக்குத்தான் தெரியவில்லை என்று விட்டுவிட்டேன். நீ காலையில் நாலு தடவை ஒதுங்கப் போனாய். அதைக்கூடக் கேலி செய்தேன்.

நீ அப்போதும் மடியிலிருந்து கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாய். எனக்கு வயிறு நன்றாக இருந்தது. கை மூடிக்கொண்டிருந்தது.

“இன்னுமா எண்ணினு இருக்கற?” என்றேன்.

“பழக்கமாயிடுச்சு மச்சான்” என்றாய்.

பங்குனியில், நல்ல வெயில் ஏறிய ஒரு முற்பகலில், நீ சார்ப்பில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கடைசியாக ஒதுங்கப் போய் வந்தபோது உன் கால் வழியே ரத்தம் வந்ததை அன்றுதான் பார்த்தேன். உன் மடியை அவிழ்த்தபோது கயிறு கிடைத்தது. என் முடிச்சுகளும் சிப்பிகளும் தை மாதத்தோடு நின்றுபோயிருந்தன. அதற்கப்புறம் ஒரு சாண் வெறுங்கயிறு. அதற்கும் அப்புறம், நெருக்கமாக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு முடிச்சுகள். இருபத்துமூன்று. ஒரு சிப்பிகூட இல்லை. அவை என் நாட்கள் இல்லை.

சமையற்காரரிடம் போய்க் கேட்டேன். யாருக்கும் தனியாக ஒரு பருக்கைகூடப் போடவில்லையே என்றார். உன் அரை அகப்பைச் சோறு தினமும் என் சட்டிக்குள் போயிருக்கிறது. நீ புழுத்த ரொட்டியையும் என் பங்கு உப்புக்கறியையும் தின்றிருக்கிறாய். என் வயிற்றை நூறு தடவை கேட்ட உன்னிடம், உன் வயிறு என்ன சொல்கிறது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ பொய்தான் சொல்லியிருப்பாய். ஆனாலும் நான் கேட்டிருக்க வேண்டும்.

வெளியே கொண்டுபோக விடவில்லை. வடக்கு மதிலடியில் மணலில் உன்னைப் புதைத்தோம். பன்னிரண்டு நாள் கழித்துக் கதவு திறந்தது. எட்டு பேர் வெளியே வந்தோம். உன் தங்கை பாலத்தின் முனையில் நின்று தலைகளை எண்ணினாள். எல்லாம் கேட்டு முடித்து, அழுது முடித்து, வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு கேட்டாள்.

“கடைசியா இன்னா துன்னான்?”

“பழையது” என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. பசியோட போவல எங்கண்ணன் என்றாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அன்று எழுந்து அடுப்பை மூட்டினாள். அதை அவளிடமிருந்து எப்படிப் பிடுங்குவேன்? சித்திரையில் கோயில் முன்னால் வலையை இழுத்துப் போட்டேன். என் பெயர் சீட்டில் நின்றது. ஊர் மெச்சியது. அன்றிலிருந்து நான் இந்த வீட்டில் ஒரு பொய்க்குள் குடியிருந்தேன். நீ மதிலுக்கு உள்ளே, நான் இங்கே. ஒவ்வொரு பங்குனியிலும் அவள் இலை போட்டு, பசியோட போவல எங்கண்ணன் என்பாள். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இன்றும் அப்படித்தான் நின்றிருப்பேன். ஆனால் படையல் முடிந்தபின் மீதிப் பழையதை எனக்கு மட்டும் ஊற்றினாள். உனக்கு இல்லையா என்றேன். ஒரு மாதமாக முழங்கால் வீங்கியிருக்கிறதாம். என்னிடம் சொல்லவில்லை. தானே பத்தியம் இருக்கிறாளாம், குளிர்ச்சி ஆகாதாம். எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தாள். அப்போது என் வாயிலிருந்து உன் குரல் வந்தது.

“வயிறு இன்னா சொல்லுது?”

அவள் திகைத்துப் பார்த்தாள். அதன் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. எல்லோருடைய மூட்டும் வயிற்றால்தான் வீங்குகிறதா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அப்படி இருந்தது, அதை எப்படித் தெரிந்துகொண்டோம் என்று ஆரம்பித்தேன். பேச்சில் சட்டி வந்தது, அரை அகப்பை வந்தது, விறகு வந்தது. பரணிலிருந்து கயிற்றை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். சிப்பிகளைத் தாண்டி, வெறுங்கயிற்றைத் தாண்டி, கடைசி முடிச்சுகளை அவள் விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள். இருபத்துமூன்றாவதில் விரலை நிறுத்தினாள்.

“அப்ப பசியோடதான் போயிருக்கான்” என்றாள்.

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கலயத்தில் இருந்த நீராகாரத்தை எடுத்துப் பாதியைத் தான் குடித்தாள், மீதியை என்னிடம் நீட்டினாள். இது அவன் நமக்குக் குடுத்தது, நாமதான் குடிக்கணும் என்றாள். பிறகு இலையைப் பார்த்தபடி கேட்டாள்.

“அப்ப அவனுக்கு இன்னா வெக்கறது?”

பதிலும் அவளுக்கே தெரிந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அடுப்பை மூட்டி, ஒரு பிடி அரிசியைக் குழையக் காய்ச்சினாள். ஓமம் தட்டிப் போட்டாள். பேதி கண்டவனுக்குக் கொடுக்கிற தெளிந்த கஞ்சி. கலயத்தில் ஊற்றி இலைப் பக்கம் வைத்து, சூடு ஆறட்டும் என்று முந்தானையால் விசிறினாள்.

பதினோரு வருடம் தாமதமான கஞ்சி அது. நான் அதன் பக்கத்தில் குந்திக்கொண்டேன், நீ என் தலைமாட்டில் குந்துவாயே, அதே மாதிரி. கையில் உன் கயிறு இருந்தது. கேட்டேன்.

மச்சான், உன் வயிறு இன்னா சொல்லுது?